வீட்டுச் சாவி தாமதமாகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கட்டி முடியாத அடுக்குமாடி வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்களின் ஒப்பந்தங்களைப் படித்துப் பார்த்து, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எடுத்துச் சொல்லும் வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். எங்கள் குடியிருப்பே சொன்ன காலம் கடந்து வெகுநாள் கழித்துத்தான் கைக்கு வந்தது. அப்போது சங்கமாகச் சேர்ந்து நாங்கள் கற்றுக்கொண்டவை பிறருக்கும் பயன்படட்டும் என்று தொடங்கியதுதான் இந்த வேலை. இப்போது வருகிறவர்கள், அன்று எங்களில் பலர் செய்த அதே தவறுகளை அதே வரிசையில் செய்வதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை. வில்லங்கச் சான்று பாருங்கள், திட்ட அனுமதி பாருங்கள் என்பதையெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். ஆகவே, பணம் கட்டத் தொடங்கித் தேதி தள்ளிப்போக ஆரம்பித்த பிறகு செய்யப்படும் தவறுகளைப் பற்றி மட்டும், தமிழ்நாட்டில் வீடு வாங்குபவர்களை மனத்தில் வைத்து இங்கே எழுதுகிறேன்.

எந்தத் தேதி என்று தெரியாமல் காத்திருப்பது

என்னிடம் வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, "உங்கள் வீடு எந்தத் தேதியில் உங்களுக்கு வந்திருக்க வேண்டும்?" என்பதுதான். பெரும்பாலானவர்கள் விற்பனைப் பிரிவில் சொன்ன மாதத்தைச் சொல்கிறார்கள். அந்தத் தேதிக்கு எந்த மதிப்பும் இல்லை. நம் ஊரில் நெடுங்காலமாக, மனையின் பிரிக்கப்படாத பாகத்துக்கு ஒரு பத்திரம், கட்டடத்துக்கு ஒரு கட்டுமான ஒப்பந்தம் என்று இரண்டாகப் பிரித்து எழுதும் வழக்கம் இருந்துவந்தது. அப்படி எழுதியவர்களுக்கு ஒப்படைப்புத் தேதி கட்டுமான ஒப்பந்தத்தில்தான் இருக்கும். அதிலும் நேராகத் தேதி போடாமல், "திட்ட அனுமதி கிடைத்த நாளிலிருந்து இத்தனை மாதங்கள், அதற்கு மேல் ஆறு மாதம் கூடுதல் அவகாசம்" என்று எழுதியிருப்பார்கள். அனுமதி கிடைத்த நாளைக் கேட்டு வாங்கி, மாதங்களைக் கூட்டி, வருகிற ஒரே ஒரு நாளை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் அந்தத் திட்டத்துக்கு வேறொரு முடிவுத் தேதி இருக்கக்கூடும். அது பிந்தியதாகவும் இருக்கலாம், நீட்டிக்கப்பட்டும் இருக்கலாம். அதைக் கண்டு மனம் தளர வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 18ஆவது பிரிவு, ஒப்பந்தத்தில் சொல்லப்பட்ட தேதியைத்தான் அளவாகக் கொள்கிறது. ரெராவில் திட்டத்தைப் பதிவு செய்யும்போது பில்டர் புதிய தேதி கொடுப்பதால் வாங்கியவரோடு செய்த ஒப்பந்தம் திருத்தி எழுதப்பட்டதாக ஆகாது என்று மும்பை உயர் நீதிமன்றம் 2017 டிசம்பரிலேயே தெளிவாக்கிவிட்டது.

வாய்ச்சொல்லை நம்பி வாடகை வீட்டைக் காலி செய்வது

சாவியும், கட்டடம் அனுமதிப்படி முடிந்தது என்று காட்டும் நிறைவுச் சான்றிதழும் கைக்கு வரும்வரை வீட்டு உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுக்காதீர்கள்.

கோபத்தில் தவணையை நிறுத்துவது

"அவர் வேலையை நிறுத்திவிட்டார், நான் ஏன் பணம் கட்ட வேண்டும்?" என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் சட்டத்தின் 19ஆவது பிரிவு வாங்குபவருக்கும் கடமை வைத்திருக்கிறது: உரிய தவணையை உரிய நேரத்தில் கட்டாவிட்டால் அவரும் வட்டி கொடுக்க வேண்டும். பில்டர் நமக்குத் தர வேண்டிய வட்டியும் நாம் அவருக்குத் தர வேண்டிய வட்டியும் ஒரே விகிதம்தான். தமிழ்நாட்டு விதிகளின்படி அது பாரத ஸ்டேட் வங்கியின் அதிகபட்ச எம்சிஎல்ஆர் (கடனுக்கு வங்கி வைத்திருக்கும் அடிப்படை வட்டி) விகிதத்தோடு 2 விழுக்காடு. ஒரு வார்த்தையும் எழுதாமல் பணத்தை நிறுத்திவிட்டால், பிற்பாடு விசாரணையில், "இவர் கட்டவில்லை, அதனால்தான் வேலை தாமதமாயிற்று" என்று எதிர்த்தரப்பு சொல்வதற்கு நாமே ஆதாரம் எடுத்துக் கொடுத்தவர்களாகிவிடுவோம்.

செய்ய வேண்டியது வேறு. தவணை, கட்டுமானக் கட்டத்தோடு இணைக்கப்பட்டிருந்தால், கேட்புக் கடிதம் வந்ததும் கட்டுமான இடத்துக்குப் போய்ப் பாருங்கள். "ஆறாம் தளக் கான்கிரீட் முடிந்தது" என்று கடிதம் சொல்லும். அங்கே போய்ப் பார்த்தால் ஐந்தாம் தளத்தின் மேல் கம்பிகள் துருவேறி நின்றுகொண்டிருக்கும், சாரம் அவிழ்க்கப்பட்டிருக்கும், சிமெண்ட் மூட்டை ஒன்றுகூட இராது. தேதி தெரியும்படி படம் எடுத்து, "இந்தக் கட்டம் இன்னும் முடியவில்லை, முடிந்ததும் கட்டுகிறேன்" என்று பில்டருக்கும், கடன் இருந்தால் வங்கிக்கும் அன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். வங்கி பில்டருக்குப் பணம் விடுவித்த நாளிலிருந்து வட்டி உங்கள் தலையில் ஏறுகிறது. ஆகையால் கடன் வாங்கியவர்கள் இந்த மின்னஞ்சலை ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

புதிய தேதிக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது

இத்தனை ஆண்டுகளில் என்னை மிகவும் வருத்தியதும், இன்றும் கேட்டவுடன் எரிச்சலூட்டுவதும் இந்த ஒரு தவறுதான். மற்றவற்றை ஓரளவு சரிசெய்துகொள்ளலாம். இதைச் சரிசெய்வது மிகக் கடினம்.

ஒப்பந்தத் தேதி கடந்து சில மாதங்கள் ஆனதும் அலுவலகத்திலிருந்து அழைப்பு வரும். பேச்சு மிகவும் மரியாதையாக இருக்கும். மழை, மணல் தட்டுப்பாடு, ஆள் பற்றாக்குறை என்று காரணங்கள் சொல்லப்படும். முடிவில், "ஒரு சின்ன ஃபார்மாலிட்டி சார், ரெக்கார்டுக்காக" என்று இரண்டு பக்கத் தாள் ஒன்றை நீட்டுவார்கள். முதல் பக்கத்தில் புதிய தேதி இருக்கும். மனம் அதிலேயே நின்றுவிடும். இரண்டாம் பக்கத்தின் நடுவில், கையெழுத்து இடத்துக்குச் சற்று மேலே, "மேற்படி தாமதத்தின் பொருட்டு வட்டியோ இழப்பீடோ கோரி எந்த மன்றத்திலும் எவ்விதக் கோரிக்கையும் எழுப்பமாட்டேன்" என்ற பொருளில் ஒரு வாசகம் இருக்கும். அதற்கு ஈடாகக் கார் நிறுத்துமிடக் கட்டணத்தில் சலுகை, ஓராண்டுப் பராமரிப்புக் கட்டணம் இலவசம் என்று ஏதாவது ஒன்று சேர்க்கப்பட்டிருக்கும்.

அண்மையில் ஒரு தம்பதியர் அப்படிப்பட்ட தாளோடு என்னிடம் வந்தார்கள்; கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, நகலை மட்டும் கொண்டுவந்திருந்தார்கள். "புதிய தேதி கொடுத்திருக்கிறார்கள், இனிமேல் கவலையில்லை அல்லவா?" என்று அந்த அம்மா கேட்டபோது எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. கணக்கைப் பாருங்கள். 50 லட்சம் ரூபாய் கட்டியிருக்கும் ஒருவருக்கு, வட்டியை ஆண்டுக்கு 10 விழுக்காடு என்று வைத்துக்கொண்டாலும், ஓராண்டுத் தாமதத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரவேண்டியிருக்கிறது. 18ஆவது பிரிவின்படி, திட்டத்திலிருந்து விலக விரும்பாதவருக்கும் ஒப்படைக்கும் நாள்வரை ஒவ்வொரு மாதத் தாமதத்துக்கும் வட்டி உண்டு. விலக விரும்பினால் கட்டிய பணம் வட்டியோடு திரும்பக் கிடைக்க வேண்டும். பணத்தைத் திரும்பப் பெறும் இந்த உரிமை நிபந்தனையற்றது என்றும், எதிர்பாராத நிகழ்வுகளையோ நீதிமன்றத் தடைகளையோ காரணம் காட்டி அதைத் தட்ட முடியாது என்றும் உச்ச நீதிமன்றம் 2021 நவம்பரில் சொல்லியிருக்கிறது. இவ்வளவு வலுவான உரிமையை ஒரு கார் நிறுத்துமிடத்துக்காகக் கைவிட்டுவிட்டு வருகிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

"அந்த வாசகம் செல்லாது, நீதிமன்றம் ஏற்காது" என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். ஒருதலைப்பட்சமான ஒப்பந்த விதிகள் வாங்குபவரைக் கட்டுப்படுத்தா என்று உச்ச நீதிமன்றம் 2019இல் சொன்னது உண்மைதான். ஆனால் 2020 ஆகஸ்டில், பெங்களூருக் குடியிருப்பு ஒன்றின் வழக்கில் நடந்ததையும் அறிந்துகொள்ள வேண்டும். ஒப்பந்தத்தில் தாமதத்துக்கு மாதம் சதுர அடிக்கு 5 ரூபாய் மட்டுமே எழுதியிருந்தபோதிலும், அது போதாது என்று கண்ட நீதிமன்றம், அதற்கு மேல் ஆண்டுக்கு 6 விழுக்காடு வட்டி கொடுக்கச் சொன்னது. அதே தீர்ப்பில், நிறுவனத்தோடு தனியாக உடன்பாட்டுப் பத்திரம் எழுதிக்கொண்டவர்கள் அவரவர் பேரத்துக்குக் கட்டுப்பட்டவர்கள் என்று விலக்கப்பட்டார்கள். ஒரே வளாகம், ஒரே தாமதம். எழுதிக்கொடுத்தவர்களுக்கு அந்தக் கூடுதல் தொகை இல்லை.

ஆகவே, தாளை அங்கேயே கையெழுத்திட வேண்டாம். "வீட்டில் படித்துவிட்டுத் தருகிறேன்" என்று வாங்கிக்கொண்டு வாருங்கள். தர மறுத்தால் அதுவே உங்களுக்கு எச்சரிக்கை. பிறகு உங்கள் பக்கத்திலிருந்து ஒரு கடிதம் அனுப்புங்கள்: "தங்கள் புதிய தேதியைத் தகவலாக மட்டும் பெற்றுக்கொள்கிறேன். ஒப்பந்தத்தில் குறித்த தேதியிலிருந்து எனக்குள்ள எந்த உரிமையையும் விட்டுக்கொடுக்கவில்லை." இந்த இரண்டு வாக்கியங்கள் போதும். மின்னஞ்சலிலும், விரைவுத் தபாலிலும் அனுப்பி, அது சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள். கையெழுத்திட்டால்தான் கிரயம், கையெழுத்திட்டால்தான் சாவி என்று நெருக்கினால், அந்த நெருக்கடியையும் எழுத்தில் பதிவு செய்யுங்கள். தாமதத்துக்கு இழப்பீடு கேட்க வேண்டுமானால் கிரயத்தைத் தள்ளிப்போட வேண்டும் என்று வாங்கியவரை வற்புறுத்துவது நியாயமற்றது என்று மேற்சொன்ன அதே 2020 தீர்ப்பு கூறுகிறது.

ரசீதில்லாமல் ரொக்கம் கொடுப்பது

எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. வட்டி கணக்கிடப்படுவது நிரூபிக்க முடிந்த தொகைக்கு மட்டுமே.

வரிக் கணக்கை மறந்துவிடுவது

கடன் வாங்கிய நிதியாண்டின் முடிவிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் வீடு கட்டி முடிக்கப்படாவிட்டால், பழைய வரி முறையில் சொந்தக் குடியிருப்புக்குக் கிடைக்கும் வட்டிக் கழிவு ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாயிலிருந்து 30,000 ரூபாயாகக் குறைந்துவிடும். பழைய வீட்டை விற்ற ஆதாயத்தைப் புதிய வீட்டில் போட்டவர்களுக்கும் காலக்கெடு உண்டு. தாமதம் ஓராண்டைத் தொடும்போதே இந்தத் தேதிகளை எடுத்துக்கொண்டு ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.

தனித்தனியாகப் போய்க் கேட்பது

தனியாகப் போகிறவருக்குத் தனியாக ஒரு சமாதானம் கிடைக்கும். சங்கமாகப் பதிவு செய்துகொண்டு சேர்ந்து கேளுங்கள். சங்கத்தின் பெயரிலேயே ரெராவில் புகார் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது.

நிறைவுச் சான்றிதழ் வராமல் சாவி வாங்கிக்கொள்வது

நீண்ட நாள் காத்திருந்தவர்களுக்குச் சாவியைக் கண்டதும் வேறெதையும் பார்க்கத் தோன்றுவதில்லை. "உள்வேலை ஏதாவது செய்துகொள்ளுங்கள், சான்றிதழ் அடுத்த மாதம் வந்துவிடும்" என்று சாவியைக் கொடுத்து, கூடவே ஒப்படைப்புக் கடிதத்திலும் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். சிறிய குடியிருப்புக் கட்டடங்களுக்கு விலக்கு இருந்தாலும், அடுக்குமாடிக் கட்டடங்களுக்குத் தமிழ்நாட்டில் நிறைவுச் சான்றிதழ் இல்லாமல் நிரந்தர மின் இணைப்போ குடிநீர், கழிவுநீர் இணைப்போ கிடைக்காது. கட்டுமானத்துக்காக வாங்கிய தற்காலிக மின் இணைப்பிலும் லாரித் தண்ணீரிலும் மாதக்கணக்கில் குடியிருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் கையெழுத்திட்ட கடிதத்தின்படியோ வீடு ஒப்படைக்கப்பட்டாயிற்று. தாமத வட்டியின் கணக்கும் அன்றோடு நின்றுவிட்டது என்று நிறுவனம் வாதிடுகிறது.

உள்வேலைக்காகச் சாவி வாங்கித்தான் தீர வேண்டும் என்றால், "தச்சு வேலைக்காக மட்டும் சாவி பெறப்பட்டது, இது ஒப்படைப்பு ஆகாது" என்று உங்கள் கைப்பட எழுதித் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டு, ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டமைப்புக் குறைகளுக்கு நிறுவனம் பொறுப்பேற்க வேண்டிய ஐந்தாண்டுக் காலமும் ஒப்படைப்பு நாளிலிருந்துதான் கணக்கிடப்படுகிறது. அந்த நாளைச் சான்றிதழுக்கு முன்பே எழுதிக்கொடுத்தால், நீங்கள் குடியேறாத மாதங்களும் அந்த ஐந்தாண்டுகளில் கழிந்துபோகும்.