களிம்பால் அடங்காத எரிச்சல்

சிறுநீர் கழிக்கும்போது எரிந்தது. முன்பு பூஞ்சைத் தொற்றுக்கு வாங்கிய குளோட்ரிமசோல் களிம்பு மீதம் இருந்தது. அதையே மூன்று நாள் தடவினேன். பலனில்லை. அது பூஞ்சைக்கான மருந்து. எனக்கு வந்திருந்ததோ பாக்டீரியாவால் வரும் சிறுநீர்த் தொற்று. அரிப்பு இல்லை, தயிர்க்கட்டி போன்ற வெள்ளைப்படுதல் இல்லை, அடிக்கடி சிறுநீர் முட்டியது. அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

கடையில் வாங்கிக் குடித்த, சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைக்கும் சிட்ரேட் கரைசல் எரிச்சலைத் தணித்தது, தொற்றைப் போக்கவில்லை. நான்காம் நாள் மருத்துவர் சிறுநீரை, எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, நைட்ரோஃபுரான்டாயின் என்ற ஆன்டிபயாடிக்கை 5 நாளுக்கு எழுதிக் கொடுத்தார். இரண்டாம் நாளே நிம்மதி, ஆனாலும் நிறுத்தவில்லை.

அடுத்த வாரம் உண்மையாகவே அரிப்பு வந்தது. ஆன்டிபயாடிக் நல்ல பாக்டீரியாக்களையும் குறைத்தால் பூஞ்சை பெருகுவதுண்டு. இம்முறை மருத்துவரிடம் கேட்ட பிறகே களிம்பைத் தொட்டேன்.

காய்ச்சலோ விலாவுக்குக் கீழே முதுகுவலியோ இருந்தால், அல்லது கர்ப்பமாக இருந்தால், தயவுசெய்து ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள்.