பழைய லொறிக்கு ஹெட் மாத்துறீங்களா? இந்தப் பிழைகள விட்டுடாதீங்க

பழைய பெட்ஃபோர்ட் மாதிரி லொறி வச்சிருக்கிறவங்க ஹெட் (எஞ்சினுக்கு மேல மூடியா இருக்கிற சிலிண்டர் ஹெட்) போச்சுன்னா நேரா கொழும்புல உதிரிப்பாகம் விக்கிற பஞ்சிகாவத்தைக்குத்தான் ஓடுவாங்க, அது சரி, ஆனா ஏன் போச்சுன்னு பாக்காம வேற ஹெட் வாங்கிப் போட்டா அதுவும் அதே வழிக்குத்தான் போகும். முக்கால்வாசி நேரம் குற்றவாளி ஹெட் இல்ல. ரேடியேட்டர் பாதி அடைச்சிருக்கும், வோட்டர் பம்ப் ஒழுகும், இல்லாட்டி வருஷக்கணக்கா வெறும் தண்ணி ஊத்தி ஓடினதுல ஹெட்டுக்குக் கீழ இருக்கிற எஞ்சின் ப்ளொக்குக்குள்ள துருச் சேறு களி மாதிரி இறுகிப்போய் இருக்கும். ஹெட் கழண்டிருக்கிற நேரமே அதைக் கிளறிக் கழுவிடுங்க, சிலிண்டர்கள துணி அடைச்சு மூடிட்டுச் செய்யுங்க.

எஞ்சின் சூடா இருக்கும்போது போல்ட்ல கை வைக்கவே வேணாம், ஹெட் வளையும். கழட்டுறது வெளியில இருந்து உள்ள, இறுக்குறது நடுவுல இருந்து வெளிய.

செகண்ட் ஹேண்ட் ஹெட் எடுத்தா, ஹெட்டுக்கும் ப்ளொக்குக்கும் நடுவுல போடுற கேஸ்கெட்ட அதுமேல வச்சு தண்ணி ஓட்டை, எண்ணெய் ஓட்டை ஒவ்வொண்ணா பொருந்துதான்னு பாருங்க. வால்வ அமுக்குற ரொக்கருக்கு எண்ணெய் ஏறுற அந்தச் சின்ன ஓட்டை அடைபட்டா மேல எல்லாம் வறண்டு தேஞ்சுடும். அப்புறம் முதல்ல வெடிப்பு இருக்கான்னு பாக்கிற பிரஷர் டெஸ்ட், பிறகுதான் லேத் பட்டறையில ஃபேஸ் பண்றது, அதாவது அடி முகத்தச் சீவி மட்டமாக்குறது, நிறையப் பேர் இதை மாத்திச் செஞ்சு ஃபேஸ் பண்ணக் காசும் குடுத்துட்டு கடைசியில வால்வ் வந்து மூடி உக்கார்ற ரெண்டு சீட்டுக்கு நடுவுல வெடிப்பு இருக்குன்னு தலையில கை வைப்பாங்க. டீசல்னா இன்னும் கவனம், அளவுக்கு மேல சீவினா வால்வ் பிஸ்டன்ல முட்டும்.

ஹெட்டக் கொண்டுபோய் ஃபேஸ் பண்றவங்க ப்ளொக்கத் திரும்பிக்கூடப் பாக்கிறதில்ல, எனக்கு விளங்காத விஷயம் இது. நேரான ஸ்டீல் பட்டை ஒண்ண குறுக்க, நெடுக்க, மூலைக்கு மூலை வச்சு கீழ ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) விட்டுப் பாருங்க, 0.1 மில்லிமீட்டர் தகடு தாராளமா நுழைஞ்சா அப்படியே மூடக் கூடாது, மனுவல்ல என்ன லிமிட்னு பாக்கணும். போல்ட் ஓட்டைக்குள்ள தண்ணியோ எண்ணெயோ நின்னாலும் பிரச்சினை, அடி மூடின ஓட்டைன்னா போல்ட் இறங்கும்போது அதுக்குப் போக வழியில்ல, ப்ளொக்கே வெடிக்கலாம், மேல இறுக்கம் அளந்து காட்டுற டொர்க் ரென்ச் மட்டும் எல்லாம் சரின்னு க்ளிக் அடிக்கும்.

டொர்க் சொன்னதும் ஞாபகம் வருது, அந்தக் காலத்து இங்கிலாந்து மனுவல்ல கணக்கு எல்லாம் அடி-பவுண்ட்ல. இப்ப கடையில விக்கிற ரென்ச் நிறைய நியூட்டன் மீட்டர். 80ன்னு போட்டிருந்தா ரென்ச்ல 108 வைக்கணும், 80லயே விட்டா கால்வாசி இறுக்கம் குறைவு, கொஞ்ச நாள்ல கேஸ்கெட் ஊதிடும். ஒரே மூச்சில இறுக்காம மூணு தடவையா ஏத்துங்க.

பழைய கேஸ்கெட்ல அஸ்பெஸ்டஸ் இருக்கலாம், காய்ஞ்சபடி சுரண்டித் தூசி கிளப்பாதீங்க, நனைச்சு எடுங்க. புதுசுக்கு கம் பூசுறது சிலருக்குக் கைப்பழக்கம், கேஸ்கெட் செஞ்சவன் பூசச் சொல்லலைன்னா பூசாதீங்க.

பழைய ரக கேஸ்கெட்னா ஒருக்கா ஓட்டி ஆறவிட்டு, மனுவல் சொன்னபடி திரும்ப இறுக்கணும். டேப்பட் கேப் (ரொக்கருக்கும் வால்வுக்கும் நடுவுல விடுற இடைவெளி) வைக்கிறது அதுக்குப் பிறகு. முதல்லயே வச்சுட்டா, கேஸ்கெட் அமுங்கி ஹெட் கீழ இறங்கினதும் கேப் குறைஞ்சு வால்வ் முழுசா மூடாது, சீட் எரிஞ்சுடும்.