ஆறு கட்டைச் சுருதியில் ஆர்வோ பேர்ட்: சங்கீதம் படித்தவர்கள் கேட்டுப் பழக ஒரு வழி

வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்காக என்னிடம் வயலின் படிக்க வரும் பிள்ளைகளில் கொஞ்சம் பெரியவர்கள், "மேல்நாட்டுச் சாஸ்திரிய இசையை எங்கேயிருந்து கேட்கத் தொடங்குறது ரீச்சர்?" என்று கேட்பதுண்டு. மொசார்ட், பீத்தோவன் என்று நான் தொடங்குவதில்லை. ஆர்வோ பேர்ட்டைக் கேளுங்கள் என்பேன். எஸ்தோனியாவில் 1935இல் பிறந்தவர். ஆரம்பப் பாடங்களான சரளி வரிசையும் அலங்காரமும் தெரிந்த காதுக்கு இவருடைய கணக்கு சட்டென்று பிடிபடும்.

முதலில் ஒன்றை விட்டுவிட வேண்டும்: கமகத்தை, அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவதை, தேடாதீர்கள். ஸ்வரங்கள் அசையாமல் நேராக நிற்கும். "ராகம் எங்கே?" என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான்.

எடுத்துக்கொள்ள வேண்டிய உருப்படி, 'பெஞ்சமின் பிரிட்டன் நினைவாகக் கான்டுஸ்'. ஆங்கிலேய இசையமைப்பாளர் பிரிட்டன் 1976 டிசம்பர் 4ஆம் தேதி இறந்தார். அவருக்காகத் தந்தி வாத்தியங்களுக்கும் ஒரேயொரு மணிக்கும் எழுதப்பட்டது. ஆறேழு நிமிடத்தில் முடிந்துவிடும்.

கேட்பதற்கு முன் பாட வேண்டும். போனில் இருக்கும் தம்பூரா செயலியை ஆறு கட்டையில் (மேல்நாட்டுக் கணக்கில் A) வையுங்கள். எங்கள் பெண்பிள்ளைகளுக்கு அது வசதியான சுருதி. நடபைரவி ராகத்தின் அவரோகணத்தை, அதாவது இறங்கு வரிசையை, மேல் ஷட்ஜத்திலிருந்து ஒவ்வொரு ஸ்வரமாகக் கூட்டிக்கொண்டு இறங்குங்கள்: ஸ, ஸ நி, ஸ நி த, ஸ நி த ப. இப்படியே கீழே. ஒரு ஸ்வரத்துக்கு இரண்டு எண்ணிக்கை, அடுத்ததற்கு ஒன்று, திரும்ப இரண்டு, திரும்ப ஒன்று. நிறுத்தாமல் பாடினால், ஷட்ஜம் சில தடவை நீளமாகவும் சில தடவை குறுகியும் விழுவது தெரியும். கான்டுஸின் மெட்டு முழுவதும் இவ்வளவுதான்.

வீட்டில் மூன்று பேர் இருந்தால் இன்னும் நல்லது. ஒருவர் முதற்காலம், ஒருவர் இரண்டாம் காலம், ஒருவர் மூன்றாம் காலம் என்று, ஒவ்வொன்றும் முந்தியதைவிட இரண்டு மடங்கு வேகத்தில், ஒரே நேரத்தில் பாடிப் பாருங்கள். என் வகுப்பில் முதற்காலம் பாடுகிறவருக்குத்தான் சிரிப்பு வரும், மற்றவர்கள் ஓட ஓட அவர் இன்னும் நிஷாதத்திலேயே நிற்பார். நாங்கள் மூன்று காலத்தோடு நின்றுவிடுகிறோம், பேர்ட் ஐந்து காலம் வைக்கிறார். முதல் வயலின்கள்தான் எல்லாவற்றிலும் வேகம். இரண்டாம் வயலின், வயோலா, செல்லோ, டபுள் பேஸ் என்று ஒவ்வொரு படியிலும் வேகம் பாதியாகக் குறையும், ஸ்தாயியும் ஒன்று இறங்கும்.

இப்போது தம்பூராவை நிறுத்திவிடுங்கள். இது முக்கியம். தம்பூராவில் தானாக எழும் அந்தர காந்தாரம் (உயர்ந்த க), இந்த இசையிலுள்ள சாதாரண காந்தாரத்தோடு (தாழ்ந்த க) முட்டும்.

நேரமும் பார்க்க வேண்டும். உவர்மலையில் பகலில் இது சரிவராது. ஓட்டோ, மீன்காரரின் ஹோர்ன், பக்கத்து வீட்டு மிக்ஸி எல்லாம் ஓய வேண்டும். உருப்படியே அமைதியில்தான் தொடங்குகிறது. அப்புறம் மணி மூன்று தடவை, கேட்டும் கேட்காததுமாக. ஆகவே இரவில், ஹெட்போன் போட்டு, ஃபேனையும் நிறுத்திவிட்டுக் கேளுங்கள். திருகோணமலை வெக்கையில் அது கஷ்டம்தான், ஏழு நிமிடம் பொறுக்கலாம்.

முதல் தடவை முதல் வயலினோடு மட்டும் போங்கள். அது இறங்கி இறங்கி ஒரு காந்தாரத்தில் வந்து நின்றுவிடும். மற்றவை பின்னால் ஒவ்வொன்றாகத் தன் இடத்துக்கு வரும், டபுள் பேஸ் எல்லோருக்கும் கடைசி. அடுத்த தடவை அந்த டபுள் பேஸைப் பிடியுங்கள். அதற்கும் அடுத்த தடவை கவனிக்க வேண்டியது, மெட்டோடு ஒட்டிப்போகும் துணைக்குரலை. அது ஷட்ஜம், காந்தாரம், பஞ்சமம் மூன்றையும் தவிர வேறெதையும் தொடாது. வயோலாவுக்கு மட்டும் துணைக்குரல் இல்லை. ஒரு குரல் படிப்படியாக நடக்க, மற்றது அந்த மூன்று ஸ்வரங்களுக்குள்ளேயே நிற்பதுதான் பேர்ட்டின் 'டின்டினாபுலி' முறை.

அந்த முறைக்கு அவர் லேசில் வந்து சேரவில்லை. 1968இல் 'கிரேடோ' என்ற படைப்பில் கிறிஸ்தவ நம்பிக்கையை வெளிப்படையாகப் பாடவைத்தார். சோவியத் ஆட்சியில் அது பெரிய பிரச்சினையாகி, படைப்பு தடைப்பட்டது. அதன்பின் சில வருடங்கள், 1971இல் வந்த மூன்றாம் சிம்பொனி போன்ற ஒன்றிரண்டைத் தவிர, பெரிதாக எதுவும் வெளியிடவில்லை. பழைய தேவாலயப் பாடல்களைப் படித்தபடி, ஒற்றை வரி மெட்டுகளாக எழுதி நோட்டுப் புத்தகங்களை நிரப்பினார். பேர் வாங்கிய ஒருவர் திரும்பச் சரளி வரிசையில் போய் உட்கார்ந்தது எனக்குப் பெரிய விஷயம். 1976இல் பியானோவுக்கு எழுதிய 'ஃபூர் அலினா' என்ற சின்னஞ்சிறு உருப்படியோடு திரும்பினார், மறுவருடமே கான்டுஸ். 1980இல் குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் போய், வியன்னாவிலும் பிறகு பெர்லினிலும் இருந்தார். இப்போது எஸ்தோனியாவில்தான்.

கான்டுஸின் முடிவில் அவசரப்பட்டு நிறுத்திவிடாதீர்கள். எல்லா வாத்தியமும் பலமாக நிற்கும்போது மணி ஒருமுறை மெதுவாக அடிக்கப்படும், அந்த அடி நமக்குக் கேட்காது. வாத்தியங்கள் சட்டென்று ஓய்ந்தபின் அதன் ரீங்காரம் மட்டும் மிஞ்சும். நல்ல பதிவானால் அதற்குள் மெல்லிய அந்தர காந்தாரம் காதில் படும். அத்தனை நேரம் சாதாரண காந்தாரத்தில் ஊறிய காதுக்கு அது என்ன செய்யும் என்பதை நான் சொல்லப்போவதில்லை.

இது பிடித்துப்போனால் 1978இல் எழுதிய 'ஷ்பீகல் இம் ஷ்பீகல்'. நாலு கட்டை, சங்கராபரண ஸ்வரங்கள். வயலின் ஒவ்வொரு வரியிலும் ஒரு ஸ்வரம் கூட்டிக்கொண்டு அந்தர காந்தாரத்துக்கே திரும்பும். வயலின் பிள்ளைகள் வாசித்தே பார்க்கலாம், வில்லை நடுங்காமல் நீளமாக இழுக்கத் தெரிந்தால் சரி. தேவாரம் பாடுகிறவர்கள் 1982இன் 'பாசியோ'வுக்குப் போங்கள், அங்கே சொல்லிலுள்ள அசைகளின் எண்ணிக்கைதான் மெட்டை முடிவுசெய்கிறது. அது ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போகும், பகுதி பகுதியாகக் கேட்டாலும் போதும். அறுபதுகளில் எழுதிய முதல் இரண்டு சிம்பொனிகளை மட்டும் இப்போதைக்குத் தொடாதீர்கள், அது வேறொரு பேர்ட்.