மைக்ரோ இன்வெர்ட்டர்: பேனல் மூடும் முன் சீரியல் எண்

சோலார் பேனலை மேலே வைத்து இறுக்குவதற்கு முன்பே, அடியில் உள்ள மைக்ரோ இன்வெர்ட்டரின் (பேனலின் டிசி மின்சாரத்தை வீட்டுக்கான ஏசி மின்சாரமாக மாற்றும் சிறு கருவி) சீரியல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பல மாடல்களில் உரித்தெடுக்கும் ஸ்டிக்கர் இருக்கும். மாடியின் வரைபடத்தில் அந்தந்தக் கட்டத்தில் ஒட்டி, போனில் ஒரு படமும் எடுத்துவிடுங்கள். நான் ஒருமுறை இதை விட்டுவிட்டேன். ஆறு மாதம் கழித்து ஆப்பில் ஒரே ஒரு எண் சிவப்பாகக் காட்டியது. எந்தப் பேனல் என்று தெரியாமல் உச்சி வெயிலில் ஒன்பதைக் கழற்ற வேண்டியதாயிற்று.

அப்புறம், டிரங்க் கேபிளில் (மைக்ரோ இன்வெர்ட்டர்களை வரிசையாக இணைக்கும் பொதுவான ஏசி கேபிள்) பயன்படாத கனெக்டருக்கு அதற்குரிய மூடியையே போடுங்கள். டேப் சுற்றினால் மழைநீர் இறங்கும். உள்ளே ஓடுவது 230 வோல்ட் ஏசி. கழற்றும்போதும் முதலில் ஏசி பிரேக்கரை அணையுங்கள், டிசி கனெக்டர் பிறகுதான்.