தேர்வெழுதிப் பட்டம் பெற நினைப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஒரு பெண்மணி தொலைபேசியில் அழைத்து, "அண்ணா, ஒன்பது கிளெப் பரீட்சை பாஸ் பண்ணிட்டேன். இனி எந்தக் காலேஜ்ல சேரலாம்?" என்று கேட்டார். அவர் குரலில் இருந்த மகிழ்ச்சியைக் குலைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தக் கேள்வி காதில் விழுந்ததும் பழைய எரிச்சல் தலைதூக்கியது. பல ஆண்டுகளுக்கு முன் நானும் தேர்வுகளை எழுதி முடித்த பிறகுதான் அதே கேள்வியைக் கேட்டேன்.

அமெரிக்காவில் இளநிலைப் பட்டத்துக்குப் பெரும்பாலும் 120 கிரெடிட் தேவை; கிரெடிட் என்பது ஒரு பாடத்தை முடித்ததற்குக் கணக்கில் சேரும் அலகு. வகுப்புக்குப் போகாமலே ஒரு பாடத்தில் தேர்வெழுதி அதற்குரிய கிரெடிட்டைப் பெறும் வழியாகக் கிளெப் 1967 முதல் நடந்து வருகிறது. அதை நடத்துவது காலேஜ் போர்டு. டிஎஸ்எஸ்டி என்பது அதே வகையிலான இன்னொரு தேர்வு வரிசை. ஊரில் டிப்ளமோ முடித்தோ பி.எஸ்சி.யைப் பாதியில் விட்டோ இங்கு வந்து, வேலையும் பிள்ளைகளுமாக ஆண்டுகள் ஓடி, நாற்பது வயதில் பட்டத்தை முடிக்க நினைப்பவருக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அதனாலேயே, இதில் இறங்குபவர்கள் தடுமாறுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அடையாள அட்டையை மறக்காதீர்கள், நேரத்துக்குப் போய்விடுங்கள் என்பவற்றை நான் சொல்லத் தேவையில்லை.

கல்லூரியை முடிவு செய்யாமல் தேர்வெழுதுவது

நான் பதினொரு தேர்வுகள் எழுதினேன். அமெரிக்கக் கல்வி மன்றம் அவற்றுக்குப் பரிந்துரைத்திருந்த கிரெடிட்டைக் கூட்டினால் 45 வந்தது. காலை நான்கு மணிக்கு எழுந்து, வேலைக்குப் போகும்முன் இரண்டு மணி நேரம் படித்துச் சேர்த்த 45. அதன்பின் வீட்டுக்கு அருகில் இருந்த ஒரு கல்லூரியில் விண்ணப்பித்தேன். "கிளெப் ஏற்கப்படும்" என்று அவர்களுடைய கையேட்டில் அச்சிட்டிருந்ததால் வேறெதையும் நான் கேட்கவில்லை.

ஆறு வாரம் கழித்து மதிப்பீட்டுத் தாள் வந்தது. இடப்பக்கத்தில் நான் எழுதிய தேர்வுகள், வலப்பக்கத்தில் அவை எந்தப் பாடத்துக்கு ஈடாகின்றன என்ற குறிப்பு. கல்லூரிக் கட்டுரைப் பயிற்சிக்கும் உளவியலுக்கும் நேரான பாட எண்கள் இருந்தன. அதற்குக் கீழே வரிசையாக "பொது விருப்பப் பாடம்", "பொது விருப்பப் பாடம்" என்று இறங்கி, கடைசி நான்கு தேர்வுகளுக்கு எதிரே வெறும் கோடு போட்டிருந்தார்கள். தேர்வு வழியாக 30 கிரெடிட்டுக்கு மேல் ஏற்பதில்லை என்பது அந்தக் கல்லூரியின் விதி. மீதி 15 கிரெடிட், அதாவது ஐந்து பாடங்களுக்கான உழைப்பு, அந்தக் கோட்டில் முடிந்துபோனது. ஏற்ற 30-லும் என் பட்டத்தின் கட்டாயப் பாடங்களில் பொருந்தியவை 18 மட்டுமே.

இங்கே புரிந்துகொள்ள வேண்டிய அடிப்படை ஒன்று உண்டு. அமெரிக்கக் கல்வி மன்றம் பரிந்துரை மட்டுமே செய்கிறது; கிரெடிட் தருவதும் மறுப்பதும் அந்தந்தக் கல்லூரியின் உரிமை. எத்தனை கிரெடிட் வரை ஏற்பது, எந்தத் தேர்வு எந்தப் பாடத்துக்கு ஈடு, எவ்வளவு மதிப்பெண் வேண்டும் என்ற மூன்றையும் கல்லூரிதான் தீர்மானிக்கிறது. ஒரு கல்லூரியில் ஆறு கிரெடிட் பெற்றுத்தரும் தேர்வுக்கு அடுத்த ஊர்க் கல்லூரியில் ஒன்றுமே கிடைக்காமல் போகலாம்.

இதைவிட ஆழமான பள்ளம் மேல்நிலைப் பாடங்களில் இருக்கிறது. பட்டத்தின் 120 கிரெடிட்டில் ஒரு பகுதி மூன்றாம், நான்காம் ஆண்டுத் தரத்துப் பாடங்களாக இருந்தாக வேண்டும். கிளெப் தேர்வுகளோ பொதுவாக முதல் இரண்டு ஆண்டுகளின் தரத்திலேயே மதிப்பிடப்படுகின்றன. எனவே ஒருவர் இருபது கிளெப் தேர்வில் தேறினாலும் அந்தப் பகுதி காலியாகவே கிடக்கும். டிஎஸ்எஸ்டியில் பணமும் வங்கியியலும், அமெரிக்க உள்நாட்டுப் போர் போன்ற சில தேர்வுகளுக்கு மேல்நிலைக் கிரெடிட் பரிந்துரை இருக்கிறது என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. முன்பே தெரிந்திருந்தால், கோடு போடப்பட்ட அந்த நான்கு தேர்வுகளுக்குச் செலவழித்த காலத்தை அவற்றுக்குக் கொடுத்திருப்பேன்.

ஆகவே கல்லூரியையும் பட்டத்தையும் முதலில் முடிவு செய்யுங்கள். வேலையில் இருக்கும் பெரியவர்களுக்கென்றே 1970-களின் தொடக்கத்தில் உருவான மூன்று நிறுவனங்கள் இன்றும் இயங்குகின்றன: நியூ ஜெர்சியின் தாமஸ் எடிசன் மாநிலப் பல்கலைக்கழகம், நியூயார்க்கின் எக்ஸெல்சியர் பல்கலைக்கழகம், கனெக்டிகட்டின் சார்ட்டர் ஓக் மாநிலக் கல்லூரி. வெளியிலிருந்து கொண்டுவரும் கிரெடிட்டை ஏற்பதில் இவை தாராளமானவை. இங்கும் கேப்ஸ்டோன் எனப்படும் இறுதிப் பாடம் போன்ற சிலவற்றை அவர்களிடமே படிக்க வேண்டும். எந்தக் கல்லூரியானாலும் அதன் பட்டத் தேவைப் பட்டியலை அச்செடுத்து, ஒவ்வொரு வரிக்கு எதிரேயும் எந்தத் தேர்வு பொருந்துகிறது என்று பென்சிலால் எழுதுங்கள். பிறகு அந்தத் தாளைக் கல்லூரியின் ஆலோசகருக்கு மின்னஞ்சலில் அனுப்பி, எழுத்தில் பதில் வாங்குங்கள். தொலைபேசியில் கிடைக்கும் "ஆமாம், அதெல்லாம் எடுத்துக்கொள்வோம்" என்ற சொல்லை நம்பிவிடாதீர்கள். முடிந்தால் விரைவில் சேர்ந்தும் விடுங்கள், ஏனெனில் சேர்ந்த ஆண்டின் விதிகளே பொதுவாக உங்களுக்குப் பொருந்தும். சேராதவருக்கு நாளை விதி மாறினால் கேட்பதற்கு இடமில்லை.

ஊரில் படித்ததைக் கணக்கில் எடுக்காமல் விடுவது

சென்னைப் பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டு கணிதம் படித்துவிட்டு நின்ற ஒருவர், இங்கு வந்து கல்லூரி இயற்கணிதத் தேர்வை எழுதித் தேறினார். பிறகு பழைய மதிப்பெண் பட்டியலை மதிப்பீட்டுக்கு அனுப்பியபோது, அதே பாடத்துக்கு அதிலேயே கிரெடிட் கிடைத்துவிட்டது. தேர்வு வீண். வெளிநாட்டுப் படிப்பைப் பாடவாரியாக மதிப்பிடும் நிறுவனங்கள் பல இருக்கின்றன. நேசஸ் என்ற, அத்தகைய நிறுவனங்களின் கூட்டமைப்பில் உறுப்பினராக உள்ள நிறுவனத்தின் அறிக்கையைக் கல்லூரி ஏற்குமா என்று கேட்டுக்கொண்டு, தேர்வெழுதும் முன்பே அந்த வேலையை முடித்துவிடுங்கள். ஊரிலிருந்து உறையிட்ட மதிப்பெண் பட்டியல் வந்துசேர மாதங்கள் ஆகும் என்பதால் இதைத்தான் முதலில் தொடங்க வேண்டும்.

ஒரே பாடத்தை இருமுறை எழுதுவது

இயற்கணிதமும் முன்நுண்கணிதமும் (ப்ரீகால்குலஸ்) தனித்தனித் தேர்வுகள். உயிரியலும் இயற்கை அறிவியலும் அப்படித்தான். ஆனால் உள்ளடக்கம் ஒன்றோடொன்று மேவுவதால், சில கல்லூரிகள் இரண்டில் ஒன்றுக்கே கிரெடிட் தரும்.

50 எடுத்தால் போதும் என்று இருப்பது

கிளெப் மதிப்பெண் 20 முதல் 80 வரை. பெரும்பாலான தேர்வுகளுக்கு 50 என்பது பரிந்துரை. உங்கள் கல்லூரி அதற்கு மேலும் கேட்கலாம். ஸ்பானிஷ் மொழித் தேர்வில் 50 எடுத்தால் 6 கிரெடிட்டும், 63 எடுத்தால் 9 கிரெடிட்டும் பரிந்துரைக்கப்படுகின்றன. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை என்பதால் எந்தக் கேள்வியையும் விடாமல் விடையளியுங்கள்.

தோற்றால் அடுத்த வாரம் எழுதலாம் என்பது

முடியாது. கிளெப்புக்கு மூன்று மாதம், டிஎஸ்எஸ்டிக்கு 30 நாள் காத்திருக்க வேண்டும்.

முழுக் கட்டணம் கட்டுவது

மாடர்ன் ஸ்டேட்ஸ் என்ற அறக்கட்டளை கிளெப் பாடங்களை இணையத்தில் இலவசமாகக் கற்பித்து, முடித்தவர்களுக்குத் தேர்வுக் கட்டணத்துக்கான வவுச்சரும் தருகிறது. கையிலிருந்து பணம் கட்டும் முன் அங்கே பாருங்கள்.

அங்கீகாரம் இல்லாத கல்லூரி

அமெரிக்கக் கல்வித் துறையின் பட்டியலில் பெயர் இல்லையென்றால் விலகிவிடுங்கள்.

ஏற்கெனவே எழுதிவிட்டவர்கள்

கிளெப் மதிப்பெண்களைக் காலேஜ் போர்டு 20 ஆண்டுகள் வைத்திருக்கும். எழுதியது உடனே அழிந்துவிடாது. பொருந்தும் கல்லூரியைத் தேடி அனுப்பலாம். அந்தப் பெண்மணியோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, மூன்று கல்லூரிகளின் பட்டியல்களையும் மேசையில் விரித்து, அவருடைய ஒன்பது தேர்வுகளையும் பென்சிலால் நிரப்பிப் பார்த்தோம். ஒன்றில் ஐந்தும் இன்னொன்றில் ஆறும் பொருந்தின; மூன்றாவதில் எட்டு இடம்பிடித்தன. அதிலும் மேல்நிலைப் பகுதி முழுவதும் காலியாகத்தான் இருந்தது. மறுநாளே அவர் அந்தக் கல்லூரியின் ஆலோசகருக்குத் தாளை அனுப்பிவிட்டார். பதில் வரும்வரை பத்தாவது தேர்வுக்குப் பதிவு செய்வதில்லை என்று என்னிடம் உறுதி கூறியிருக்கிறார்.