சர்வதேசக் கால்பந்து வீராங்கனையின் விளையாட்டு வாழ்வை எழுதுவது எப்படி?

ஒரு சர்வதேசக் கால்பந்து வீராங்கனையைப் பற்றிக் கட்டுரையோ குறிப்போ எழுத உட்காருகிறவர் முதலில் இரண்டு தாள்களைத் தனித்தனியே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. ஒன்றில் அவர் நாட்டுக்காக ஆடியவற்றையும் மற்றொன்றில் கிளப்புக்காக ஆடியவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். நான் திருத்த நேர்ந்த பிழைகளில் பாதிக்கு மேற்பட்டவை இவ்விரண்டையும் ஒரே தாளில் கலந்ததால் வந்தவை. எடுத்துக்காட்டாகக் கனடாவின் கிறிஸ்டின் சின்க்ளேரை வைத்துக்கொள்வோம். அவருடைய கணக்கு மிகப் பெரியது என்பதால் எங்கெல்லாம் வழுக்கும் என்பது அதில் நன்றாகவே தெரியும்.

நாட்டுத் தாளில் முதல் ஆட்டம், கடைசி ஆட்டம், மொத்த ஆட்டங்கள், மொத்தக் கோல்கள் ஆகிய நான்கையும் முதலில் எழுதுங்கள். சின்க்ளேர் 2000ஆம் ஆண்டு போர்ச்சுகலில் நடந்த அல்கார்வ் கோப்பையில் 16 வயதில் தேசிய அணிக்காக முதன்முதலாக ஆடினார். 2023 டிசம்பர் 5 அன்று வான்கூவரில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஆடி விடைபெற்றார். இடைப்பட்ட காலத்தில் 331 ஆட்டங்களில் 190 கோல்கள் அடித்தார். ஓய்வு பெற்றவர் என்பதால் இந்த எண்கள் இனி மாறமாட்டா. இன்னும் ஆடிக்கொண்டிருக்கும் ஒருவரைப் பற்றி எழுதுவதானால், 'இதுவரை' என்று எழுதாமல் எந்தத் தேதி வரையிலான கணக்கு என்பதைக் குறிப்பிட வேண்டும், ஏனெனில் இரண்டு ஆண்டு கழித்துப் படிப்பவருக்கு அந்த 'இதுவரை' எதையும் சொல்லாது.

அடுத்தது, எந்த ஆட்டம் கணக்கில் சேரும், எது சேராது என்பது. 2002இல் கனடாவிலேயே நடந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் சின்க்ளேர் 10 கோல்கள் அடித்தார். அவை 190இல் சேரவில்லை, ஏனெனில் மூத்தோர் அணியின், அதாவது வயது வரம்பில்லாத முதன்மைத் தேசிய அணியின், ஆட்டங்கள் மட்டுமே அந்தக் கணக்கில் வரும். நட்பு ஆட்டங்கள் சேரும். ஒலிம்பிக்கில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ஆண்கள் ஒலிம்பிக் கால்பந்து 1992 முதல் 23 வயதுக்குட்பட்டோருக்கானது என்பதால் அதன் கோல்கள் மூத்தோர் கணக்கில் ஏறுவதில்லை. பெண்கள் ஒலிம்பிக்கில் அப்படிப்பட்ட வயது வரம்பு இல்லை. அங்கே ஆடுவது முழுமையான தேசிய அணி, எனவே அந்தக் கோல்கள் அனைத்தும் சேரும். ஆண்கள் கால்பந்தைப் பற்றி எழுதிப் பழகிய கை, கவனிக்காமல் விட்டால், இந்த இடத்தில் வீராங்கனையின் கோல்களைக் குறைத்துவிடும். ஆட்டம் சமனில் முடிந்தபின் வெற்றியைத் தீர்மானிக்க அடிக்கப்படும் பெனால்ட்டிகள் எவருடைய கோல் கணக்கிலும் சேர்வதில்லை. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் கனடா ஸ்வீடனுடன் 1-1 எனச் சமன் செய்து, பெனால்ட்டிகளில் 3-2 என வென்று தங்கம் பெற்றது. ஆட்டத்தின் போக்கில் கனடாவுக்குக் கிடைத்த பெனால்ட்டிக்குக் காரணம் சின்க்ளேர் மீது நடந்த தவறு. அதைக் கோலாக்கியவர் ஜெசி ஃபிளெமிங். கோல் யாருடைய பெயரில் இருக்கிறது என்பதையும் அதற்கு வழி செய்தவர் யார் என்பதையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும்.

'சாதனை' என்ற சொல்லை எழுதும் முன் பேனாவைச் சற்று நிறுத்துங்கள். 2020 ஜனவரி 29 அன்று செயின்ட் கிட்ஸ் அண்ட் நெவிஸ் அணிக்கு எதிராக 184ஆம் கோலை அடித்து, சர்வதேச ஆட்டங்களில் அதிகக் கோல் அடித்தவர் என்ற சாதனையை வைத்திருந்த அமெரிக்காவின் ஆபி வாம்பாக்கைச் சமன் செய்த சின்க்ளேர், அதே ஆட்டத்தில் 185ஐ அடித்து அவரைக் கடந்தார். அந்த ஆட்டம் நடந்த ஊர் டெக்சாஸ் மாநிலத்து எடின்பர்க். தமிழ் எழுத்தில் ஸ்காட்லாந்துத் தலைநகரும் இதுவும் ஒன்றுபோலத் தோன்றும் என்பதால் மாநிலத்தின் பெயரைச் சேர்க்காவிட்டால் வாசகர் கடல் தாண்டிப் போய்விடுவார். கோலில் முதலிடம் பெற்றவர் ஆட்ட எண்ணிக்கையிலும் முதலிடத்தில் இருப்பார் என்று எண்ணிவிட வேண்டாம். அந்த இடம் 354 ஆட்டங்கள் ஆடிய அமெரிக்காவின் கிறிஸ்டின் லில்லிக்கு உரியது. ஐந்து உலகக் கோப்பைகளில் கோல் அடித்தவர் சின்க்ளேர் என்பது உண்மை. ஆனால் முதலில் அடித்தவர் என்று எழுதினால் தவறு, ஏனெனில் 2019 உலகக் கோப்பையில் பிரேசிலின் மார்த்தா அவருக்குச் சில நாள்கள் முன்னரே அதைச் செய்துவிட்டார்.

இனி கிளப் தாளுக்கு வருவோம். அதிகக் கவனம் தேவைப்படுவது இங்கேதான், ஏனெனில் ஒரு வீராங்கனையின் கிளப் பட்டியலில் காணும் இடைவெளிகள் பெரும்பாலும் அவரைப் பற்றியவை அல்ல, அவர் ஆடிய காலத்தைப் பற்றியவை. சின்க்ளேர் போர்ட்லாந்து பல்கலைக்கழகத்துக்காக ஆடி 2002, 2005 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு இடையிலான கால்பந்துப் பட்டத்தை வென்றார். கல்லூரி ஆட்டம் தொழில்முறை ஆட்டம் அன்று, ஆகவே அதற்குத் தனிப் பத்தி வேண்டும். அவர் படிப்பை முடித்து வெளியே வந்தபோது அமெரிக்காவில் பெண்களுக்கான தொழில்முறை லீக் எதுவும் இல்லை. 2001இல் தொடங்கிய லீக் 2003இலேயே மூடப்பட்டிருந்தது. 2009இல் தொடங்கிய அடுத்த லீக்கில் எஃப்சி கோல்டு பிரைட் அணிக்காக ஆடி 2010இல் பட்டம் வென்றார். வென்ற சில வாரங்களில் அந்தக் கிளப்பே கலைக்கப்பட்டது. 2011இல் வெஸ்டர்ன் நியூயார்க் ஃபிளாஷ் அணியுடன் மீண்டும் பட்டம் வென்றார். 2012இல் லீக்கே நின்றுபோனது. 2013இல் இன்னொரு லீக் தொடங்கிய பின்னர்தான் போர்ட்லாந்து தார்ன்ஸ் அணியில் அவருக்கு நிலையான இடம் அமைந்தது. அங்கே 2013, 2017, 2022 ஆகிய மூன்று பட்டங்கள், 2024 வரை ஆட்டம்.

இந்த வரலாறு தெரியாமல் பட்டியலை மட்டும் பார்ப்பவர், ஆண்டுக்கொரு அணி மாறியவர் என்றோ, இடையில் காயத்தால் முடங்கியவர் என்றோ எழுதிவிடக்கூடும். அதனால் வெற்று ஆண்டு தென்படும் இடத்தில் முதலில் அந்த லீக் அப்போது உயிரோடு இருந்ததா என்று பாருங்கள். காயம், மகப்பேறு ஆகியவற்றைப் பிறகு தேடலாம். கனடாவில் பெண்களுக்கான தொழில்முறை லீக் 2025இல்தான் தொடங்கியது, அதாவது அவர் ஓய்வு பெற்ற பிறகு. தாய்நாட்டுத் தொழில்முறை லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடாதவர் என்பதை எழுதும்போது அதற்கான காரணத்தையும் அதே வாக்கியத்தில் எழுதிவிட வேண்டும்.

எண்கள் சரியான பிறகு, ஒரே ஒரு ஆட்டத்தைத் தேர்ந்து நெருங்கிச் சென்று விவரியுங்கள். எல்லா ஆட்டங்களையும் சொல்லப் புகுந்தால் கட்டுரை அட்டவணையாகிவிடும். சின்க்ளேருக்கு நான் 2012 ஆகஸ்ட் 6 அன்று இங்கிலாந்தின் ஓல்ட் டிராஃபோர்டு மைதானத்தில் அமெரிக்காவுக்கு எதிராக நடந்த ஒலிம்பிக் அரையிறுதியை எடுப்பேன். கனடா மூன்று முறை முன்னிலை பெற்றது. மூன்றையும் அடித்தவர் அவரே. 80ஆம் நிமிடம் நெருங்கும்போது, கனடாவின் கோல்கீப்பர் எரின் மெக்லியோட் பந்தை ஆறு வினாடிகளுக்கு மேல் கையில் வைத்திருந்தார் என்று நடுவர் அமெரிக்காவுக்கு மறைமுக ஃப்ரீகிக் (நேரடியாகக் கோலாக்க முடியாத உதை) கொடுத்தார். விதிப் புத்தகத்தில் இருந்தும் அரிதாகவே பயன்படுத்தப்பட்டு வந்த விதி அது. அந்த உதை ஒரு கனடியர் கையில் பட, பெனால்ட்டி. வாம்பாக் சமன் செய்தார். கூடுதல் நேரத்தின் கடைசிக் கணத்தில் அலெக்ஸ் மார்கன் தலையால் அடிக்க, 4-3 என அமெரிக்கா வென்றது. கனடா பிரான்ஸை வென்று வெண்கலம் பெற்றது. நடுவரிடம் நடந்துகொண்ட விதத்துக்காக ஃபிஃபா சின்க்ளேருக்கு நான்கு ஆட்டத் தடை விதித்தது. அந்தத் தடையை விட்டுவிட்டு மூன்று கோல்களை மட்டும் எழுதினால் அது பாராட்டு மடல்தான். அதேபோல, 2023இல் ஊதியத்துக்கும் ஆதரவுக்குமாகக் கனடிய வீராங்கனைகள் வேலைநிறுத்தம் அறிவித்ததையும், சின்க்ளேர் நாடாளுமன்றக் குழுவின்முன் சாட்சியம் அளித்ததையும் விட்டுவிடலாகாது.

இந்திய வீராங்கனையைப் பற்றி எழுதுகிறவருக்கு மூன்றாவது தாளும் தேவைப்படும். இந்திய மகளிர் லீக்கின் முதல் பருவம் 2016-17 என்பதால், அதற்கு முன் ஆடியவர்களின் கிளப் தாள் கிட்டத்தட்ட வெறுமையாகவே இருக்கும். மாநில அணிக்காகத் தேசிய சாம்பியன்ஷிப்பில் ஆடியதை அங்கே நிரப்ப வேண்டும். மூன்றாவது தாள் வேலைக்கு உரியது. கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடியவர். தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராகவும் இருப்பவர். 2020 பொதுமுடக்கத்தின்போது பயிற்சி மைதானம் மூடியிருக்க, அவர் சென்னையில் காவல் பணியில் நின்றார். இத்தகைய வேலையை 'சொந்த வாழ்க்கை' என்ற தலைப்பின் அடியில் ஒரு வரியாக ஒதுக்காமல், எந்த ஆண்டில் சேர்ந்தார், அப்போது எந்த அணியில் ஆடிக்கொண்டிருந்தார் என்ற விவரத்தோடு ஆட்ட வாழ்க்கைக்குள்ளேயே கால வரிசையில் வையுங்கள்.