அந்தியில் வால் நட்சத்திரம் பார்ப்பது எப்படி? வேலூர் பக்கத்து ஆட்களுக்கு ஒரு செய்முறை

2024 அக்டோபர் நடுவில் சூச்சின்ஷான்-அட்லஸ் வால் நட்சத்திரம் பொழுது சாய்ந்ததும் மேற்கே தெரியும் என்று ஒரே பேச்சு. நானும் பைனாகுலரைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வெளியே போய் நின்றேன். சூரியன் மறைந்தது, வெள்ளி பளிச்சென்று வந்தது, அப்புறம் இருட்டியும் விட்டது. நான் பார்த்ததெல்லாம் எதிரே இருந்த மலையைத்தான். ஆடு ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் நின்று, "இன்னா நைனா தேடறீங்க?" என்று கேட்டார். சொன்னேன். "அங்க மலை மறைக்குது பாருங்க, இந்தப் பக்கம் பொழுது எப்பவும் சீக்கிரமே போய்டும்" என்றார். மறுநாள் இடம் மாற்றலாம் என்றால் மழை பிடித்துக்கொண்டது.

அதனால் முதல் வேலை இடம் பார்ப்பதுதான், கருவி வாங்குவது இல்லை. அதையும் முந்தின நாளே, வெளிச்சம் இருக்கும்போதே போய்ப் பாருங்கள். கையை முழுசாக நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் வானத்தில் சுமார் 10 டிகிரி. வானம் 4 நிமிடத்துக்கு 1 டிகிரி நகர்கிறது, அப்படியென்றால் மேற்கே ஒரு முஷ்டி உயரத்துக்கு மலை நின்றால் உங்களுக்குக் கிட்டத்தட்ட 40 நிமிடம் போச்சு. சூரியனை ஒட்டியே இருக்கும் வால் நட்சத்திரத்துக்கு மொத்த நேரமே அவ்வளவுதான்.

வேலூரைச் சுற்றி மலை இல்லாத திசை குறைவு, ஆனால் வழி இருக்கிறது. நம் பக்கம் நிலம் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காகச் சரிகிறது, அதனால் நிறைய ஏரிகளுக்குக் கரை கிழக்கே, தண்ணீர் மேற்கே இருக்கும். அப்படிப்பட்ட கரைமேல் ஏறி நின்றால் எதிரே மரமும் வீடும் இல்லாமல் மேற்கு வானம் திறந்து கிடக்கும். இன்னொன்று பாலாறு. ஆம்பூர், பள்ளிகொண்டா பக்கமிருந்து ஆறு வருகிறது என்பதால், வேலூருக்கும் காட்பாடிக்கும் நடுவில் நின்று ஆறு வரும் திசையைப் பார்த்தாலே ஏறக்குறைய மேற்குதான். மணல் எடுத்த பள்ளங்கள் இருக்கும், இருட்டில் இறங்க வேண்டாம், கரையிலேயே நில்லுங்கள். டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிக்கொண்டால் கண் கூசாது, பாம்பு இருந்தாலும் தெரியும்.

அடுத்து நேரம். அக்டோபர் நடுவில் வேலூரில் சூரியன் மறைவது சுமார் 5.55 மணி. அதிலிருந்து 35 நிமிடம் கழித்துத் தொடங்கி ஒரு மணி நேரம் ஆகும்வரை, அதாவது 6.30 முதல் 6.55 வரைதான் உங்கள் ஆட்டம். அதற்கு முன்னால் வானம் வெளுப்பாக இருக்கும், அதற்குப் பின்னால் ஆள் கீழே இறங்கிவிடுவார். சூரியன் முழுசாக மறையும்வரை பைனாகுலரை மேற்கே திருப்பவே கூடாது. கண் போய்விடும், இதில் விளையாட்டு வேண்டாம்.

போனில் வானத்தைக் காட்டும் ஸ்டெல்லேரியம் என்ற ஆப்பைப் போட்டு, ஊரை வேலூர் என்று மாற்றிவிட்டு, வால் நட்சத்திரத்தின் பெயரைத் தேடி, அன்றைக்கு 6.40க்கு எந்தத் திசை, எத்தனை டிகிரி உயரம் என்று எழுதி வையுங்கள். ஊரை மாற்றாமல் விட்டால் ஏமாந்துபோவீர்கள். 2025 அக்டோபரில் லெம்மன் வால் நட்சத்திரம் வந்தபோது ஐரோப்பாவில் எடுத்த படங்களை எல்லாரும் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். அது வடக்கே தள்ளி இருந்ததால், 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கும் நமக்கு மாத நடுவில் சூரியன் மறைந்த கொஞ்ச நேரத்திலேயே அதுவும் மறைந்துவிட்டது. தீபாவளி கழிந்த பிறகுதான் நமக்கு உயரம் கிடைத்தது. போன் காம்பஸை பைக்கின் மேல் வைத்துப் பார்க்காதீர்கள், இரும்புக்குப் பக்கத்தில் அது பொய் சொல்லும்.

கருவிக்கு 10×50 பைனாகுலர் (10 மடங்கு பெரிதாக்கும், முன் கண்ணாடி 50 மி.மீ.) போதும், 7×50 இருந்தாலும் சரி. தொலைநோக்கி வேண்டாம், அது வானத்தில் ஒரு சின்னத் துண்டைத்தான் காட்டும், தேடியே நேரம் போய்விடும். வெள்ளியோ தூரத்து டவர் விளக்கோ கூர்மையான புள்ளியாகும்வரை ஃபோகஸ் செய்துவிட்டு, அப்புறம் அந்தச் சக்கரத்தைத் தொடாதீர்கள். முழங்கை இரண்டையும் வண்டி சீட்டில் ஊன்றினால் படம் ஆடாது.

இனி தேடல். பளிச்சென்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து நகருங்கள். 2024இல் அது வெள்ளிக்கும் சுவாதி நட்சத்திரத்துக்கும் நடுவில் இருந்தது, மலை மட்டும் இல்லையென்றால் சுலபம். இடமிருந்து வலமாக மெதுவாக ஒரு வரிசை, கொஞ்சம் ஏற்றி இன்னொரு வரிசை, வயலில் உழுகிற மாதிரி. சாக்பீஸ் ஒட்டிய விரலால் கரும்பலகையை லேசாகத் தொட்டால் ஒரு கறை விழுமே, அதுதான் நீங்கள் தேடுவது. நேராக முறைக்காமல் சற்றுத் தள்ளிப் பார்த்தால் கண்ணின் ஓரம் அதை நன்றாகப் பிடிக்கும். படத்தில் வரும் பச்சை நிறம் கண்ணுக்கு வராது, சாம்பல்தான். ஒளி அளவு 4 என்று போட்டிருப்பார்கள் (இந்த எண் குறையக் குறைய ஒளி அதிகம்), ஆனால் அந்த ஒளி பரவிக் கிடப்பதால் அதே அளவுள்ள நட்சத்திரத்தைவிட மங்கலாகவே தெரியும்.

வால் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நீளும், அதனால் அந்தியில் அது மேல்நோக்கித்தான் நிற்கும். பெங்களூரு, சென்னை விமானங்கள் விடும் புகைக்கோட்டிலும் மறைந்த சூரியனின் ஒளி பட்டு அச்சு அசலாக வால் மாதிரியே மின்னும், நான் ஒருமுறை கூவிக்கூட விட்டேன். சந்தேகம் வந்தால் ஐந்து நிமிடம் பொறுங்கள். புகை கலைந்துவிடும் அல்லது நகர்ந்துவிடும்.

படம் வேண்டுமென்றால் போனை எதிலாவது சாய்த்து, நைட் மோடில், டைமர் வைத்து எடுங்கள். கையில் பிடித்தால் கோடுதான் வரும்.

பார்த்ததும் பக்கத்து நட்சத்திரங்களோடு சேர்த்து ஒரு காகிதத்தில் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் அதே இடத்தில், அதே நேரத்தில் மறுபடி புள்ளி வையுங்கள். நட்சத்திரங்கள் இருந்தபடியே இருந்து அந்தக் கறை மட்டும் இடம் மாறியிருந்தால், அது வால் நட்சத்திரம்தான்.